திருவெண்ணெய்நல்லூரை மட்டும் விட்டுவைத்தேன்

விழுப்புரம் ஊரிலேயே "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலை எண்ணில் எதிர்பார்த்த ஒரே மனிதர் குசலம்தான். "அப்பாவுக்குக் காய்ச்சல் குறைஞ்சிருக்கு" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். "எவ்ளோலேருந்து எவ்ளோ?" என்றார். தெரியாது என்றேன். வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்லும்வரை அவர் டீயைக் கையில் எடுக்கவில்லை.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு தனியார் பால் கம்பெனியில். தலைமை ஆபீஸ் விழுப்புரம். திண்டிவனம், ஒலக்கூர், வானூர், திருவெண்ணெய்நல்லூர் ஆகிய நான்கு ஊர்களில் பாலைக் குளிர வைக்கும் நிலையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஏஜென்ட் என்ற ஒரு சின்ன புரோகிராமைக் குசலம் குடிவைத்திருந்தார். அது தானாக வாய் திறக்காது, கேட்டால் சொல்லும். இவர் காலையில் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டுவார்: ஒலக்கூரே, டிஸ்க்கில் எவ்வளவு இடம் பாக்கி? அங்கிருந்து ஒற்றை எண் வரும். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்வி. நான்கு ஊரையும் விசாரித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அதனால்தான் ஆபீஸ் அவருக்குக் குசலம் என்று பெயர் வைத்தது.

முதலாளி ஆசைப்பட்டுப் பெரிய கலர் திரை ஒன்று வாங்கி மாட்டினார். எல்லாம் நலம் என்றால் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு. விருந்தாளிகளை அழைத்து வந்து காட்டிய அன்று திரைமேல் குசலத்தின் துண்டு தொங்கியது.

"பச்சைன்னா என்னாங்க அர்த்தம்? எவ்ளோ பச்சை?" என்று முதலாளியையே கேட்டார். அடுத்த வாரம் திண்டிவனத்துக்கு மாற்றல்.

அவர் நாற்காலிக்கு, பால் வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்த என்னைக் கொண்டுவந்து போட்டார்கள். குசலம் பாஸ்வேர்டுகளை எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குப் போனால் மனிதர் நாற்காலியில் இருக்கிறார். திண்டிவனத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். விஷயம் இதுதான். ஏஜென்ட் யார் கேட்டாலும் பதில் சொல்லிவிடாது. அதனிடம் ஒரு பட்டியல் உண்டு. அதில் முகவரி உள்ள கம்ப்யூட்டர் கேட்டால்தான் சொல்லும். பட்டியலில் விழுப்புரத்துக் கம்ப்யூட்டர் ஒன்று மட்டும் போதும் என்று விதி போட்டவரே குசலம்தான்.

"அங்கேருந்து கேட்டுப் பாத்தேன் சார். என்னையே உள்ள விடலை. அவ்ளோ கரெக்டா வெச்சிருக்கேன்" என்றார். முகத்தில் வருத்தமே இல்லை, பெருமைதான்.

ஒலக்கூர், வானூர் சரி, திண்டிவனத்துக் கம்ப்யூட்டர் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தானே இருக்கிறது, அதை ஏன் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் நமக்குத் தெரிவது வேறு, தூரத்திலிருந்து கேட்டால் அது சொல்வது வேறு என்றார். சம்பந்தி வீட்டு விவகாரம் பேசுகிற தோரணையில் சொன்னதால் நான் மேலே கேட்கவில்லை.

இப்படியே தினமும் வந்தார். முக்கால் மணி நேரம் விசாரிப்பு, பிறகு ஓட்டம். திண்டிவனத்து மேனேஜருக்கு இந்தப் பாசமெல்லாம் புரியுமா? மூன்று முறை லேட் மார்க் போட்டார். இன்னொரு நாள் தாமதமானால் வேலை போய்விடும் என்று காகிதம் கொடுத்துவிட்டார். வானூரைக் கேட்டுக்கொண்டே குசலம் அதை எனக்குச் சொன்னார். நாளைக்கும் வருவீர்களா என்றேன்.

"பின்ன, யாரு கேக்கறது?" என்றார்.

உங்கள் திண்டிவனத்து முகவரியைப் பட்டியலில் சேர்த்துவிடுகிறேனே என்றால், ரூலு ரூலுதான் என்று எழுந்து போய்விட்டார்.

ஆனால் பாஸ்வேர்டு இப்போது என்னிடம்தானே இருக்கிறது. அவர் பஸ் ஏறியதும் ஒலக்கூர், வானூர், திண்டிவனம் மூன்றிலும் முகவரியைச் சேர்த்தேன். மத்தியானம் போன் போட்டு, கேட்டுப் பாருங்கள் என்றேன். விசைகள் தட்டும் சத்தம்.

"ஒலக்கூரு பேசுது சார்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, திருவெண்ணெய்நல்லூர் மட்டும் பேச மாட்டேன் என்கிறதே என்றார். அதற்கு முதலாளி அனுமதி வேண்டும் சார் என்று கூசாமல் பொய் சொன்னேன். அதுவரை அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் லீவு நாளில், ஞாயிற்றுக்கிழமை வந்து விசாரித்துவிட்டுப் போங்கள் என்றேன்.

வேலை தப்பியது. குசலம் ஞாயிறுதோறும் வந்தார்.

நாலாவது ஊரிலும் அந்த முகவரியைச் சேர்ப்பது அரை நிமிட வேலை. அவர் ஓய்வு பெறும்வரை நான் அதைச் செய்யவில்லை. எனக்கும் ஞாயிறுதான் விடுமுறை. ஆனாலும் எட்டு மணிக்கே போய் ஆபீஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அனுமதி என்றைக்கு வரும் என்று அவரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.