இரண்டு அலைவரிசையில் ஒரு முதுகுவலி

ஒஹாயோ மாநிலத்தில் என்னைவிடக் கெட்டிக்கார ரேடியோக்காரன் கிடையாது. இதை நான் சொல்லவில்லை. என் சகலை டெல்மர் சொல்கிறான். டெல்மரை அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான் என்பது வேறு விஷயம்.

எங்கள் இருவருக்கும் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் உண்டு. என் நிலையம் வீட்டு பேஸ்மென்ட்டில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் ஊறுகாய் ஜாடிகளுக்கும் நடுவில். அங்கே உட்கார்ந்து தென்கடல் தீவு வரைக்கும் பேசியிருக்கிறேன். மாடி வரைக்கும் பேசத்தான் தைரியம் வந்ததில்லை.

அந்த வாரம் எனக்கு ஒரு டவர் கிடைக்கவிருந்தது. பக்கத்து ஊர் மெர்ல் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோகிறான். அவன் வீட்டு நாற்பதடி ஆண்டெனா டவர் எனக்கு இனாம். ஒரே நிபந்தனை, சனிக்கிழமை வந்து கழற்றிக்கொண்டு போக வேண்டும். தவறினால் பழைய இரும்புக்காரன் வந்துவிடுவான்.

அதே சனிக்கிழமை, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் என் மாமியார் எட்னாவுக்கு எண்பதாவது பிறந்தநாள். டெல்மருக்கும் அவள்தான் மாமியார்.

பேஸ்மென்ட்டுக்குப் போய் டெல்மரைக் கூப்பிட்டு, "சனிக்கிழமை எப்படியாவது நழுவணும்பா" என்றேன். அவன் பதில் சொல்வதற்குள் மேலேயிருந்து குரல் வந்தது.

"எங்கேயும் நழுவ வேண்டாம்! கோட்டு சூட்டை சலவைக்குப் போட்டாச்சு!"

என் மனைவி லவோன். சமையலறை ஜன்னலில் ஒரு சின்ன ஷார்ட்வேவ் ரேடியோ வைத்திருக்கிறாள். வாங்கிக் கொடுத்தது நான்தான். கணவன் உலகத்தோடு பேசுவதைக் கேட்டுப் பெருமைப்படட்டும் என்று நினைத்தேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே எங்கள் பேச்சையும் உரித்துக்கொண்டிருந்தாள்.

சங்கேத வார்த்தையில் பேசலாமா? கூடாது. அமெச்சூர் ரேடியோவில் மறைபொருள் பேசினால் லைசென்ஸ் போய்விடும். சட்டத்தை மீறுகிறவன் அல்ல நான். மனைவியை மட்டும்தான்.

அப்போதுதான் கண்ணில் பட்டது ஸ்பிளிட் பொத்தான்.

தூரத்துத் தீவிலிருந்து ஒருவன் பேசினால் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் அவனைக் கூப்பிடுவார்கள். அவன் குரலே அமுங்கிப்போகும். அதனால் அவன் ஒரு அலைவரிசையில் பேசி, கொஞ்சம் தள்ளி இன்னொன்றில் கேட்பான். நாம் தலைகீழாக வைத்துக்கொள்ள வேண்டும். அவன் பேசும் இடத்தில் காதையும், அவன் கேட்கும் இடத்தில் வாயையும் வைப்பது. இதுதான் ஸ்பிளிட். தீவுக்காரனுக்காகக் கண்டுபிடித்தது, குடும்பஸ்தனுக்குப் பயன்பட்டது.

ஏ என்ற பக்கத்தில் டெல்மர் பேசப்போகும் புது அலைவரிசையை வைத்தேன். பி பக்கத்தில் எங்கள் பழைய அலைவரிசை. ஸ்பிளிட்டை அழுத்தினேன். இரண்டையும் சேர்த்து மெமரியில் ஏழாம் எண்ணில் போட்டேன். இனி ஒரே பொத்தான். ஏழைத் தொட்டால் காது ஓரிடம், வாய் ஓரிடம். டெல்மருக்கு இதற்கு நேர்மாறு. அவன் வீட்டு வாசலிலேயே காரை நிறுத்திச் சொல்லிக்கொடுத்தேன்.

"லவோனோட ரேடியோ பழைய இடத்துலதான் இருக்கும். என் பேச்சு மட்டும்தான் கேக்கும். உன் பேச்சு கேக்காது. ரெண்டு பேரும் ஹெட்ஃபோன் மாட்டிக்கிறோம்."

"என் வீட்டுல?"

"பெர்னீஸ்கிட்ட ரேடியோவே இல்லியே."

"ரேடியோ எதுக்கு? நான் பேசினா மாட்டுக் கொட்டகை வரைக்கும் கேக்கும்பா."

உண்மைதான். டெல்மருக்கு மைக் ஒரு சம்பிரதாயம். ஆனால் நான் அதற்கும் வழி வைத்திருந்தேன்.

"உன் பொய்யை நான் சொல்றேன். என் பொய்யை நீ சொல்லு. என் பொண்டாட்டி காதுல உன் வீட்டுக் கதை விழும். உன் பொண்டாட்டி காதுல என் கதை. அவங்களுக்கு அதனால என்ன?"

டெல்மர் தொப்பியைக் கழற்றி என்னைப் பார்த்தான். "ஹார்லன், நீ எங்கயோ இருக்க வேண்டிய ஆளுப்பா!"

இதில் எனக்கு இன்னொரு பலம். லவோனும் அவள் தங்கை பெர்னீஸும் பேசி ஒரு மாதம் ஆகிறது. இரவல் போன கண்ணாடிப் பாத்திரம் ஒன்று திரும்பி வரவில்லை. இரண்டு பாதியும் ஒன்றுசேர வழியே கிடையாது.

புதன்கிழமை ஏழைத் தொட்டேன்.

"சனிக்கிழமை காலையில உன் பேஸ்மென்ட்ல தண்ணி வந்துடும், டெல்மர். முழங்கால் வரைக்கும்."

"உனக்கு வெள்ளிக்கிழமை ராத்திரியே முதுகு பிடிச்சுக்கும்!" என்று காதில் இடியாக முழங்கினான் டெல்மர்.

மேலே சமையலறையில் ஒரு சத்தமும் இல்லை. வெற்றி.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேஜையிலிருந்து எழும்போது பாதியில் நின்றேன். "ஐயோ!"

"முதுகா?" என்றாள் லவோன்.

நான் இன்னும் இடத்தைக் காட்டவே இல்லை. கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

"அசையாதே செல்லம்! படுத்துக்கோ. நாளைக்கு ரெண்டு மணி நேரம் காருல எல்லாம் நீ உட்கார முடியாது."

"அப்போ நீ மட்டும் போயிட்டு வந்துடு. என்னைப் பத்திக் கவலைப்படாதே."

"உன்னை விட்டுட்டா? அப்படிப் போனா நான் மனுஷியா? அம்மாகிட்ட பேசிட்டேன். விருந்தை இங்கேயே மாத்தியாச்சு."

முதுகு அப்போது நிஜமாகவே ஒருமுறை சொடுக்கியது.

சனிக்கிழமை பத்து மணிக்கு என் வீட்டில் மாமியார் வம்சம் முழுதும் இருந்தது. நான் கட்டிலில். ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி பூ வைத்தாள். பாஸ்டர் ஜெபமே செய்துவிட்டார். கடைசியில் டெல்மர் வந்தான், கையில் தளதளவென்று ஆடும் பச்சை ஜெல்லோ சாலட்டுடன்.

"நீ எங்கடா இங்க? டவர் என்னாச்சு?"

"தண்ணி வரப்போகுதுன்னு பெர்னீஸ் விடிகாலையிலேயே வீட்டைப் பூட்டிட்டா. சாவி அவகிட்ட. லாரி சாவியும் அவகிட்ட."

"தண்ணி வர்றதுக்கு முன்னாடியேவா?"

"அதைத்தான் நானும் கேட்டேன். ஜெல்லோவைக் கையில குடுத்துட்டா."

மணி பன்னிரண்டானது. என் டவர் இந்நேரம் பழைய இரும்பு. இருபது வருஷமாக ஆசைப்பட்ட டவர். கூரைமேல் கம்பியை வளைத்துக் கட்டி எத்தனை தீவுகளைக் கோட்டை விட்டிருக்கிறேன்! கட்டிலில் திரும்பிப் படுத்து, உண்மையாகவே கண் கலங்கினேன்.

அப்போது தோட்டத்திலிருந்து லவோனின் குரல் கேட்டது. "ஹார்லன்! மெர்லோட டவர் வந்திருக்கு!"

எப்படி எழுந்தேன், எப்படி இறங்கினேன், தெரியாது. படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவியது மட்டும் ஞாபகம். புல்வெளியில் என் மைத்துனர்கள் மூவரும் டிரெய்லரோடு நின்றார்கள். அதன்மேல் என் டவர், முழுசாக. ஒரே எம்பில் டிரெய்லரில் ஏறி அதைக் கட்டிப்பிடித்தேன்.

நாற்பது முள்கரண்டிகள் பாதி வழியில் நின்றன. நான் பைஜாமாவில் இருந்தேன்.

"முதுகு எப்படி இருக்கு, ஹார்லன்?" என்று கேட்டாள் மாமியார்.

அக்காவும் தங்கையும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள்.

"நீங்க ரெண்டு பேரும்... பேசறதில்லையே?" என்றேன்.

"என் தங்கை வீட்டுல தண்ணி வரும்னு கேட்டதும் மனசு கேக்கல," என்றாள் லவோன். "ஃபோன் பண்ணி, 'பெர்னீஸ், சாமானை எல்லாம் மேலே ஏத்திடு'ன்னேன்."

"நான், 'அதிருக்கட்டும்க்கா, முதல்ல உன் வீட்டுக்காரர் முதுகைப் பாரு, வெள்ளிக்கிழமை போயிடுமாம்'னேன்," என்றாள் பெர்னீஸ். "அப்புறம் பாத்திரத்தையும் திருப்பிக் குடுத்துட்டேன்."

இருந்தாலும் டவர் கையில் இருந்தது. மானம் போனாலும் பொருள் வந்ததே! டிரெய்லரிலிருந்து இறங்கி நெஞ்சை நிமிர்த்தினேன்.

"போனது போகட்டும். டவரைக் கொண்டுவந்து சேர்த்தியே லவோன், உன்னை மாதிரி பொண்டாட்டி யாருக்குக் கிடைப்பா? கராஜ் பக்கத்துலயே நட்டுடலாம்."

"இங்க எதுக்கு? இது அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசு."

"அம்மா ரேடியோ பேசறாங்களா?"

"மார்ட்டின் குருவிக்கு வீடு கட்டி உசரத்துல மாட்டணும்னு ரொம்ப நாளா ஆசைப்படறாங்க. நீ மெர்ல்கிட்ட ரேடியோல டவர் பத்திப் பேசினதைக் கேட்டு அவருக்கே ஃபோன் பண்ணிட்டேன். அவருக்கும் சந்தோஷம்."

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்பது வயதில் இரும்புப் பிடி. "நாளைக்கே வந்து நட்டுக் குடுத்துடு, ஹார்லன். நாலடி ஆழம் தோண்டணுமாம். உனக்குத்தான் முதுகு குணமாயிடுச்சே!"

ஞாயிறு முழுக்கத் தோண்டினேன். சாயங்காலம் முதுகு நிஜமாகவே பிடித்துக்கொண்டது. வாயைத் திறக்கவில்லை, சொன்னால் நம்ப ஒரு ஆள் இல்லை.