கூட்டம் இல்லை என்று சொல்லத் தடை

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் வீட்டுக்காரியான உங்கள் தங்கை நலம், மகள் மிகவும் நலம். நான் நலம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டா இல்லையா என்பதைத்தான் நீங்கள் சொல்ல வேண்டும். அங்கே உங்கள் இரத்த அழுத்தமும் அக்காவின் கோபமும் ஏறாமல் இருக்க வேண்டுகிறேன். போன தடவை அக்கா என் முழங்காலைப் பற்றி விசாரித்தாள். அது அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச இப்போது நேரமில்லை.

இதை மைத்துனன் கடிதமாகப் படிக்காமல் ஒரு கட்சிக்காரன் கடிதமாகப் படியுங்கள். நீங்கள் வக்கீலாகக் கோர்ட்டுக்குப் போவதை விட்டுவிட்டாலும் சட்டம் உங்களை விட்டிருக்காது. போனிலேயே கேட்டிருப்பேன், ஆனால் போனைத் தொடவே பயமாக இருக்கிறது. கேள்வி இதுதான்: தெரு முனை டாக்டரிடம் கூட்டம் இல்லை என்று எதிர்வீட்டு அம்மாவிடம் ஒருவன் சொன்னால், சொன்னவனுடைய மகளுக்கு வேலை போய்விடுமா?

மகளும் அவளுடைய தோழியும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஓர் இணையக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பாங்க், டாக்டர், சலூன், தபால் ஆபீஸ், எங்கே எவ்வளவு கூட்டம் என்று போனில் பார்த்துக்கொள்ளலாம். நெரிசல் என்றால் சிவப்பு, சுமார் என்றால் மஞ்சள், காலி என்றால் பச்சை. முதலில் அந்தந்த இடத்துக்காரர்களையே நிறத்தை மாற்றச் சொன்னார்கள். கடைக்காரன் எவனாவது தன் கடை காலி என்பானா, பாங்க்காரன் எவனாவது வாருங்கள் என்பானா? ஊரே சிவப்பில் நின்றுவிட்டது. அப்போதுதான் என்னிடம் வந்தார்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து தரையைத் தேய்க்கிறேன் என்று உங்கள் தங்கை முறையிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. காலையும் மாலையும் ஒரு சுற்று, எதிர் நடைபாதையில் நின்று ஒரு பார்வை, போனில் ஒரு தட்டு, அவ்வளவுதான் வேலை. ஊர் முழுக்க அதைப் பார்த்து நடந்தது. "எப்பிடிங்க இவ்வளவு கரெக்டா சொல்லுது?" என்று ஜனங்கள் வியக்கும்போது நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். மீட்டர் பார்த்த காலத்தில் ஒருவரும் என்னைப் பார்த்து வியந்ததில்லை அத்தான்.

உங்களிடம் மறைப்பானேன், சலூனை மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எப்போதும் சிவப்பில் வைத்திருந்தேன். எனக்கு நிம்மதியாக முகம் மழித்துக்கொண்டு பேப்பர் படிக்க வேண்டும். சலூன்காரர் ஞாயிறு வியாபாரம் ஏன் படுத்துவிட்டது என்று ஜோசியம் பார்க்காத குறை. அது வேறு வழக்கு, அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

இப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் பெரிய கம்பெனி மோப்பம் பிடித்து வந்தது. அந்தக் கம்பெனியின் பசி உங்களுக்குத் தெரிந்திருக்காது. முதலில் வரைபடம் போடும் ஒரு சின்னக் கம்பெனியை வாங்கியது. பிறகு படம் பகிரும் ஒன்று, வண்டி கூப்பிடும் ஒன்று, டாக்டரிடம் நேரம் வாங்கித் தரும் ஒன்று. வாங்கியதும் "எங்கள் குடும்பத்தில் இணைகிறார்கள்" என்று அறிவிப்பு வரும். கொஞ்ச நாள் பழைய பெயர்ப்பலகை தொங்கும். பிறகு பலகையும் போய், அந்தக் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தார் என்பதற்கே அடையாளம் இருக்காது. தானாக ஒன்றைச் செய்து பார்ப்பதைவிடச் செய்து வைத்தவனை விழுங்குவது சுலபம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இந்த ஆனை சோளப்பொரியாகத் தின்றே ஆனை ஆயிற்று.

அங்கிருந்து இரண்டு பேர் வந்து மேஜையைச் சுற்றிப் பார்த்தார்கள். தகவல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள். மகள் என் பக்கம் கையைக் காட்டினாள். நான் எழுந்து வணக்கம் சொன்னேன். ஒருவர் என் காலைப் பார்த்தார், மற்றவர் கணினியில் ஏதோ தட்டினார். எட்டிப் பார்த்தேன். "பழைய அமைப்பு. அகற்றப்படும்" என்று இருந்தது. பேரம் படிந்தது, மகளுக்கும் தோழிக்கும் அங்கேயே வேலையும் ஆயிற்று. மகள் சிரித்த சிரிப்பைப் பார்த்து எனக்கும் வயிறு நிறைந்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் இன்று வரை வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாரம் கூரியர்காரர் ஒருவர் வந்து கையெழுத்துக் கேட்டார். என் கண்ணாடி உங்கள் தங்கையின் தலையில் இருந்தது. அவள் கண்ணாடி எங்கே இருந்தது என்று அவளுக்கே தெரியாது. காட்டிய இடத்தில் போட்டுவிட்டேன். கூடவே ஒரு பொட்டலம், அதற்குள் நல்ல உயர்ந்த ரக முழங்கால் பட்டை. கம்பெனி அன்பளிப்பு என்றாள் மகள். வந்தவர்கள் என் நடையைக் கவனித்திருக்கிறார்கள், பெரிய கம்பெனி என்றால் சும்மாவா என்று நானும் பெருமையாகக் கட்டிக்கொண்டேன். மறுநாள் மகள் என்னை உட்காரவைத்துச் சொன்னாள்: "அப்பா, நேத்து நீங்க கையெழுத்துப் போட்டீங்களே, அது கம்பெனியோட ஒப்பந்தம். வித்தவங்களும் அவங்களுக்காக வேலை செஞ்சவங்களும் ரெண்டு வருஷத்துக்கு அதே வேலையை வேற யாருக்காகவும் செய்யக்கூடாது. காசு வாங்கினாலும் தப்பு, வாங்காட்டியும் தப்பு. நீங்க எங்கயாவது நின்னு கூட்டம் பாத்தாலே என் வேலைக்கு ஆபத்து. உங்க போன் எங்க நிக்குதுன்னு அவங்களுக்குத் தெரியும்." உங்கள் தங்கை பக்கத்திலிருந்து, "கேட்டுக்கிட்டீங்கல்ல? பேசாம நாற்காலியில உக்காருங்க" என்றாள். அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்ததை அப்போதே கவனித்தேன்.

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். என் ஒரு வாயை மூட ஓர் ஒப்பந்தம் போதுமானதாகிவிட்டது. போனை அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குள் நடந்தேன். நடந்தால் கண் சும்மா இருக்கவில்லை. காலையில் மகள் குளிக்கப் போனதும் "குளியலறை சிவப்பு!" என்று கத்தியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. அது வெளியே விற்காத தகவல், வீட்டு உபயோகம் என்று வாதாடிப் பார்த்தேன், உங்கள் தங்கை அதற்கும் தடை போட்டாள். மாத்திரை வாங்க அனுப்பிய ஒரு நாளில் பாங்க் வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனேன், ஆனால் சட்டைப்பைக்குள் விரல் தானாக எண்ணிக்கொண்டிருந்தது. பையில் கையை விட்டு முணுமுணுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நடப்பவனை எந்தக் காவலாளி சும்மா விடுவான்? "என்ன சார் பையில?" என்றான். "விரல்" என்றேன். அதையும் எடுத்துக் காட்டச் சொன்னான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். எங்கள் வெப்சைட்டை விழுங்கிய பெரிய கம்பெனி அதை மூடிவிட்டு, தன் வரைபடத்திலேயே நிறம் காட்ட ஆரம்பித்தது. அவர்களுக்கு மனிதன் வேண்டாம். ஓர் இடத்தில் எத்தனை போன் இருக்கிறது என்று வானத்திலிருந்தோ எங்கிருந்தோ எண்ணி, அத்தனை ஆள் என்று போட்டுவிடுவார்களாம். நம் டாக்டரின் கிளினிக்குக்கும் போன் ரிப்பேர் கடைக்கும் நடுவே ஒரே சுவர் அத்தான். ரிப்பேர் கடைக்காரர் வேலையை முடிப்பதைவிட வாங்கி வைப்பதில் கெட்டிக்காரர். அலமாரி அலமாரியாகப் போன்கள் உயிரோடு கிடக்கின்றன. அதனால் கிளினிக் எந்நேரமும் சிவப்பு. டாக்டர் கதவைப் பூட்டிக்கொண்டு போன பிறகும் சிவப்பு. ஜனங்கள் போனைப் பார்க்கிறார்கள், "ஐயோ, இவ்வளவு கூட்டமா" என்று வேறு டாக்டரிடம் போகிறார்கள். பால்கனியிலிருந்து எட்டினால் கிளினிக் வாசல் தெரியும். டாக்டர் தனியாக உட்கார்ந்து ஈ ஓட்டுகிறார். கண்ணால் பார்க்கிறேன், வாயால் சொல்ல முடியவில்லை.

எதிர்வீட்டுத் தையல்கார அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, "டாக்டர்கிட்ட கூட்டமாண்ணே? போன்ல செவப்பாக் காட்டுது" என்றார். நான் வானத்தைப் பார்த்தேன். "இன்னிக்கு எல்லாம் பச்சைப்பசேல்னு இருக்குல்ல?" என்றேன். தெருவில் ஒரு செடி கிடையாது. அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நேராக உங்கள் தங்கையிடம் போய், அண்ணனை யாரிடமாவது காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார். டாக்டரே ஒரு நாள் என்னைத் தெருவில் மறித்தார். "ஏன் சார், ஊர்ல எல்லாருக்கும் உடம்பு நல்லாயிடுச்சா? யாருமே வர்றதில்லையே" என்றார். பாவம், நல்ல மனுஷன். என்ன சொல்லித் தொலைப்பேன்? ஓடி வந்துவிட்டேன். முழங்கால் பட்டைக்கு நன்றி.

எனவே அத்தான், அந்த ஒப்பந்தத்தில் ஓர் ஓட்டை கண்டுபிடியுங்கள். ஜாடை காட்டினால் சொன்னதாகுமா? தூக்கத்தில் உளறினால் குற்றமா? உங்களுக்கு எழுதும் இந்தக் கடிதமே தகவலை வெளியிட்டதாகுமா? ஆகும் என்றால் படித்ததும் கிழித்துவிடுங்கள், ஆகாது என்றால் பத்திரமாக வைத்திருங்கள். ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கூலி வேண்டாம், பேர் வேண்டாம். காலையில் எழுந்தால் போக ஓர் இடமும், வந்து சொல்ல ஒரு விஷயமும் இருந்தன. மகள் மாலையில் "இன்னிக்கு எப்பிடிப்பா இருந்துச்சு ஊரு?" என்று கேட்பாள். இப்போது கேட்பதில்லை. கேட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று பயம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, எந்தக் காகிதத்தையும் படித்துப் பார்த்தே கையெழுத்துப் போடுகிறவர்களாக வளரட்டும். பதிலைத் தபாலில் மட்டும் அனுப்பவும்.

இப்படிக்கு,
வாய் கட்டப்பட்ட உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் ரத்து. உறையை ஒட்டப் போகும்போது டாக்டரே வீட்டுக்கு வந்துவிட்டார். வருகிறவர் யாரும் இல்லாததால் அவருக்கு நேரம் இருந்தது. "அன்னிக்கு ஏன் சார் என்னைப் பாத்து ஓடினீங்க?" என்று கேட்டார். எனக்குத் தாங்கவில்லை, ஒப்பந்தம், ரிப்பேர் கடை, சிவப்பு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டாக்டர் மெதுவாக என் மகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நான் முட்டிக்குத்தானே ஓய்வு குடுக்கச் சொன்னேன்? வாய்க்குமா சொன்னேன்?" என்றார்.

ஒப்பந்தம் உண்மை அத்தான், ஆனால் அதில் என் பெயரே கிடையாது. நான் போட்ட கையெழுத்து முழங்கால் பட்டைப் பொட்டலத்துக்கு. அதை வாங்கியது கம்பெனி அல்ல, மகள். இப்படியே நடந்தால் முழங்காலை அறுக்க வேண்டிவரும் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். "உங்கப்பா சொன்னாக் கேக்குற ஜென்மமா, ஆனா சட்டம்னா பயப்படுவாரு" என்று யோசனை சொன்னது உங்கள் தங்கை. நான் குதித்தேன். மகள் அழுதுவிட்டாள். "கம்பெனிய வித்தா இன்னொண்ணு ஆரம்பிச்சுக்கலாம்பா. உங்க காலுக்கு நான் எங்க போவேன்?" என்றாள். அதற்கு மேல் எனக்குக் குதிக்கத் தெம்பில்லை. நானும் அழுதேன். டாக்டருக்குத்தான் அவசரம். முட்டி கொஞ்சம் தேறியிருக்கிறது, நடக்க வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கலாம், சொல்லலாம், அதிலும் இன்றைக்கே ஆரம்பித்தால் உடம்புக்கு ரொம்ப நல்லது என்று வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார்.

இது நடந்து ஒரு வாரம் ஆகிறது. அன்றே உங்கள் தங்கையே நாற்காலியைப் பால்கனியில் கொண்டுவந்து போட்டாள். மகள் ஒரு கரும்பலகையும் மூன்று நிறச் சாக்கட்டியும் வாங்கி வந்து கம்பியில் மாட்டினாள். தெருவே நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போகிறது. தையல்கார அம்மாவின் இடுப்பு தேவலை. இங்கிருந்து சலூனும் தெரிகிறது, ஞாயிறு பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. பலகையை யாராவது வாங்க வந்தால் முதலில் என் கண்ணாடியை உங்கள் தங்கையின் தலையிலிருந்து எடுப்பேன், பிறகு உங்களுக்கு எழுதுவேன். இப்போது டாக்டர் வாசலில் நான்கைந்து பேர், மஞ்சள். மகள் வேலையிலிருந்து வரும் நேரம். இன்றைக்கு ஊர் எப்படி இருந்தது என்று அவள் கேட்பாள்.