அத்துமீறிக் குளிப்பவர்கள்

நாகரிகமான மனிதன் வீட்டில் காளான் வளர்ப்பான் என்பது போன மழைக்காலத்தில் எங்கள் அலுவலகத்தில் முடிவானது. முடிவெடுத்தவர் மேலாளர். அதற்கு முந்தைய வருடம் நாகரிகமான மனிதன் இடது மூக்கால் மட்டும் மூச்சுவிட்டான். அதற்கும் முந்தைய வருடம் உப்பில்லாமல் சாப்பிட்டான். இரண்டையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். வேலையில் நிலைக்க வேண்டுமே.

காளான் என்றால் கடையில் பொட்டலத்தில் கிடைக்கும் வெள்ளைக் குண்டுக் காளான் இல்லை. அதைச் சாப்பிடுவதாக வாய்தவறிச் சொல்லிவிட்ட கணக்குப் பிரிவுக்காரரோடு மதியம் யாரும் சேர்ந்து உட்காருவதில்லை. இது மரக்கட்டையில் வளரும் சிப்பிக் காளான். கட்டையில் துளை போட்டு, காளான் வித்து ஏறிய சின்ன மரக்குச்சிகளை அதில் அறைந்து, மேலே மெழுகு பூசி, வெயில் படாத ஈரமான இடத்தில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உயிருள்ள மரம் இதற்கு ஆகாது, வெட்டிச் செத்த கட்டைதான் வேண்டும். விளைந்ததை வதக்கி வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, விழுங்கியபின் தாழ்ந்த குரலில் “காடு” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். “நல்லா இருக்கு” என்று சொல்பவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது.

நானும் விறகுக் கடையில் ஒரு கட்டை வாங்கி வந்தேன். எங்கள் வீட்டில் வெயில் படாத ஈரமான இடம் குளியலறை ஒன்றுதான்.

“இதை எங்க வைக்கப் போறீங்க?” என்றாள் மனைவி.

“ஒரு ஓரமா.”

“அங்க ஏது ஓரம்? நடுவுல நின்னாலே நாலு சுவரும் இடிக்குது.”

“கொஞ்ச நாள்தான்.”

“மூச்சு விடற விஷயத்துலயும் இதையேதான் சொன்னீங்க.”

என் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். தொற்றுநோய் வார்டு. வேலை முடிந்து வந்தால், குளித்தபிறகுதான் எங்கள் இரண்டு வயது மகளைத் தூக்குவாள். குழந்தைக்கும் இது பழகிவிட்டது. அம்மாவைப் பார்த்ததும் ஓடிவரும், தொடாமல் சட்டென்று நின்றுவிடும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் தாயும் பிள்ளையும் சேர வேண்டுமென்றால் நடுவில் அந்த அறை இருந்தாக வேண்டும். அதற்குள்தான் நான் கட்டையைக் கொண்டுபோய் வைத்தேன்.

நாங்கள் குளிக்கக் குளிக்கக் கட்டைக்குக் கொண்டாட்டம். முதலில் இரண்டு முனையிலும் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. பிறகு ஒருநாள் காலையில், சாம்பல் நிறத்தில் காளான்கள் அடுக்கடுக்காக முளைத்திருந்தன. மேலாளரின் கட்டை அதுவரை வெறும் கட்டையாகவே இருந்தது. செய்தி தெரிந்த அன்றைக்கு அவர் என்னைப் பார்த்தும் பார்க்காதது போலப் போனார். அலுவலக வாழ்க்கையில் இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா? எனக்குத் தலைகால் புரியவில்லை. நகர நிர்வாகம் நடத்திய ‘இல்லந்தோறும் பசுமை’ போட்டிக்கு விண்ணப்பித்துவிட்டேன்.

அடுத்த வாரம் மரப் பாதுகாப்பு அலுவலர் ஓர் உதவியாளரோடு வந்தார். குளியலறை வாசலில் நின்று கட்டையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“இதுல முளைக்குதா?”

“ஆமா சார். வாரத்துக்கு ஒரு தட்டு.”

“அப்ப இது உயிரோட இருக்கற மரம்.”

“இல்ல சார், இது செத்த கட்டை. செத்ததுலதான் இது வளரும்.”

“செத்தது எப்படிங்க விளைச்சல் குடுக்கும்? செத்துப்போனவங்க வேலை செஞ்சு நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?”

உதவியாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தன் அலுவலகத்தை ஒருதரம் நினைத்துப் பார்த்தாரோ என்னவோ, குனிந்து பையில் கயிற்றைத் தேடினார்.

“சார், இதுக்கு இலை இல்லையே,” என்றேன்.

“இலையுதிர்ற வகை.”

“வேரும் இல்லையே.”

“வேர் வெளிய தெரிஞ்சா அது கெட்டுப்போன மரம். இது நல்லா இருக்கு.”

உயிருள்ள மரத்தைச் சுற்றிப் பத்தடிக்குள் சோப்புத் தண்ணீரோ வெந்நீரோ படக்கூடாது என்பது விதி. எங்கள் குளியலறை மொத்தமே ஆறடி. கட்டையை வெளியே எடுத்து வைத்துவிடுகிறேன் என்றேன். அவர் முகம் இருண்டது.

“மரத்தைப் பிடுங்கறேன்னு என் எதிர்லயே சொல்றீங்க. நல்லவேளை, நான் காதுல வாங்கிக்கல.”

உதவியாளர் கதவுக்குக் குறுக்கே கயிறு கட்டி ஒரு பலகையைத் தொங்கவிட்டார். ‘பாதுகாக்கப்பட்ட மரப்பகுதி. அத்துமீறிக் குளிப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள்.’ கழிவறை தனியாக இருந்ததால் இந்தக் கதையை இவ்வளவு நாகரிகமாகச் சொல்ல முடிகிறது.

மாடி வீட்டு அக்கா நல்லவர். முதல் வாரம், “உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோ, தினமும் வந்து குளிச்சுக்கோ” என்று என் மனைவியிடம் சொன்னார். இரண்டாவது வாரம் அவரே எங்கள் வீட்டைப் போல நினைத்து, குளியலறையைப் பூட்டிவிட்டார். அதன்பிறகு என் மனைவி மருத்துவமனையிலேயே, எல்லா நர்சுகளுக்குமாக இருக்கும் ஒரே குழாயடியில் முறை வரும்வரை காத்திருந்து குளித்துவிட்டு வந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் குழந்தை கயிற்றுக்கு எதிரில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருக்கும். தூங்குகிற குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு அவள் என்னைப் பார்ப்பாள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அலுவலகத்தில் என் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. ஊரில் யார் வீட்டுக் கட்டைக்கும் அரசாங்கப் பலகை கிடையாது. மேலாளர் தன் குடும்பத்தோடு வந்து, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, மரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். மதியச் சாப்பாட்டுக்கு அவருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு என்று ஆனது.

கடைசியில் மனைவி என்னை இழுத்துக்கொண்டு அலுவலரிடம் போனாள்.

“சார், நான் தொற்று வார்டுல இருந்து வர்றேன். குளிக்காம குழந்தையைத் தூக்க முடியாது.”

“குழந்தைக்கு என்ன வயசு?”

“ரெண்டு.”

“நடக்குமே மேடம். எதுக்குத் தூக்கணும்?”

என் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் பச்சை மரமும் பற்றியிருக்கும். அலுவலர் சளைக்கவில்லை. “குளிக்கறது உங்க சொந்த ஆசை. மரம் பொதுச் சொத்து. நான் பொதுவுல இருந்துதான் பாக்க முடியும்,” என்றார்.

பொதுச் சொத்து அந்த மாதக் கடைசியில் வாட ஆரம்பித்தது. காளான்கள் ஓரம் சுருண்டு, நிறம் மங்கி, தொட்டால் காகிதமாக நொறுங்கின. சோதனைக்கு வந்த அலுவலருக்கு வியர்த்துவிட்டது.

“மரத்தை என்ன பண்ணீங்க?”

“ஒண்ணுமே பண்ணல சார்.”

“அதான் குத்தம். முன்ன மட்டும் எப்படிச் செழிப்பா இருந்துச்சு?”

“நாங்க குளிச்சோம். ஈரம் இருந்துச்சு.”

அவர் அலுவலகத்துக்கு ஓடினார். மறுநாளே உத்தரவு வந்தது. ‘மேற்படி மரத்தின் ஈரப்பதமானது மேற்படி குடும்பத்தாரின் குளியலால் ஏற்பட்டதென ஐயமற அறியப்பட்டபடியால், மேற்படியார் ஒவ்வொருவரும் நாள்தோறும் மூன்று வேளை மேற்படி இடத்தில் தவறாது குளித்துவர இதன்மூலம் ஆணையிடப்படுகிறது. சோப்பு கூடாது. குளிக்கத் தவறுவது மரத்தை வெட்டுவதற்கு ஒப்பாகும்.’

அன்று சாயங்காலம் என் மனைவி தன் வீட்டில் குளித்தாள். ஈரத் தலையோடு வெளியே வந்து குழந்தையை அள்ளிக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு மாடிவரை கேட்டிருக்கும். நான் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை வரை நீடித்தது. காலையில் நீர்ப்பாசன மேற்பார்வையாளர் என்று ஒருவர் முக்காலியோடு வந்து குளியலறை வாசலில் உட்கார்ந்தார். உள்ளே தண்ணீர் விழும் சத்தத்தைக் காதால் கேட்டுக் கணக்கு வைப்பது அவர் உத்தியோகம்.

“சார், இது பத்தாது. இன்னும் ரெண்டு சொம்பு ஊத்துங்க,” என்று கதவைத் தட்டுவார். இரண்டு வேலைநேரம் சேர்த்துப் பார்த்துவிட்டுக் கால் வீங்கி வந்து படுத்தவளை எழுப்பி, “மேடம், உங்க மூணாவது குளியல் பாக்கி,” என்பார். குழந்தைக்குச் சளி பிடித்தது. குழந்தையை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். “சின்ன உடம்புதான், ஒத்துக்கறேன். அதுக்குத் தகுந்த மாதிரி கொஞ்சமா நனைஞ்சா போதும்,” என்றார்.

குளிக்க விடுங்கள் என்று கெஞ்சிய நாங்கள், குளியலிலிருந்து விலக்கு கேட்டு மறுபடியும் அலுவலர் முன் நின்றோம். அவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“உங்களுக்கு எதுதான் வேணும்? சரி, விலக்கு தர்றேன். ஆனா உங்களுக்குப் பதிலா குளிக்க ஆள் வேணும்.”

ஆளுக்கு எங்கே போவது என்ற கவலையில், மதியம் சாப்பிடும்போது மேலாளரிடம் இதைப் புலம்பினேன். மறுநாள் விடிந்ததும் மேலாளர் துண்டோடு என் வீட்டு வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் துணை மேலாளர். அவருக்குப் பின்னால், பழைய பாவத்தைக் கழுவிக்கொள்ளக் கணக்குப் பிரிவுக்காரர். குளித்துவிட்டு வந்தவர்களுக்கு மேற்பார்வையாளர் ‘மரக்காவலர்’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார். ஒரே வாரத்தில் அந்த அட்டை இல்லாமல் எங்கள் அலுவலகத்தில் யாரும் முகம் காட்ட முடியவில்லை. மாடி வீட்டு அக்காகூடத் தன் குளியலறையைச் சும்மா போட்டுவிட்டு இங்கே வந்து நின்றார். வரிசை கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவுக்குப் போனது. குளித்து முடித்தவர்கள் வெளியே வந்து கண்ணை மூடிக்கொண்டு, புதிதாக ஏதோ ஒரு வார்த்தை சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

விலக்கு வாங்கிய குடும்பம் என்பதால் எனக்கு அட்டை கிடையாது. பலகை தொங்கும் வீட்டுக்காரன் வெறுங்கழுத்தோடு அலுவலகம் போவதாவது. பக்கத்து நாற்காலி கைவிட்டுப் போயிருந்தது. பொதுமக்களில் ஒருவனாக நானும் துண்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.

கதவுக்குக் கிட்டே வந்துவிட்ட நேரத்தில் என் மனைவி வேலை முடிந்து வந்தாள். குழந்தை ஓடிவந்து, தொடாமல் நின்றது.

“கொஞ்சம் வழி விடுங்க. நான் முதல்ல குளிக்கணும்,” என்றாள் அவள்.

“வரிசைல வாங்க மேடம்,” என்றார் மேற்பார்வையாளர்.

“இது என் வீடு.”

“இருக்கலாம். விலக்கு வாங்கிட்டீங்களே.”

அவள் என்னிடம் வந்தாள். “உங்க இடத்தை எனக்குக் குடுங்க,” என்றாள்.

நியாயமான பேச்சு. எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் உள்ளே குளித்துக்கொண்டிருந்தவர் அலுவலர். அடுத்தது நான். எனக்குப் பின்னால் மேலாளர் என் முதுகில் மூச்சு படும்படி நின்றுகொண்டிருந்தார்.

“கொஞ்சம் பொறு. எனக்கப்புறம் சார் இருக்கார். அவர் முடிச்சதும் உன்னை விடச் சொல்றேன்,” என்றேன்.

குழந்தை அழத் தொடங்கியது. மரத்துக்குச் சத்தம் ஆகாது என்று வரிசையில் யாரோ கண்டித்தார்கள். நான் குழந்தையின் பக்கம் திரும்பி, உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.