யோசனை சொல்லத் தீவுக்கு வந்தவர்

யோசனைக்காரர் என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. அழிந்துவரும் உயிரினங்களோடு இதைச் சேர்க்க வேண்டிய நிலை என்றைக்கும் வராது. நாலு பேர் குனிந்து வேலை செய்யும் இடத்தில், இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நிற்கும் ஐந்தாவது ஆளைப் பாருங்கள், அவர்தான். சோபாவை மாடிக்கு ஏற்றும்போது "கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க" என்பார். பிடிக்க மாட்டார்.

எங்களுக்கு இவர் ஒரு தீவில் வாய்த்தார். கடலோரத் தீவுகளைச் சீர்செய்ய, இளவட்டங்களுக்குச் சம்பளமும் கொடுத்து வேலையும் கற்றுத்தரும் பயிற்சி அது. வேலை இல்லாமல் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் காலையில் படகேறிப் போவோம். எங்கிருந்தோ வந்து தீவையே வளைத்துப் போட்டிருந்த களைக்கொடியைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் மணலைப் பிடித்துவைக்கும் புல்லை நடுவோம். புல் வேர்விட்டால் மணல்மேடு நிற்கும். மேடு நின்றால்தான் அதன் பின்னால் முட்டையிடும் கடற்பறவைகளுக்குக் குடித்தனம். போன புயலில் மேட்டில் பாதி போயிருந்தது. அடுத்த புயலுக்குள் புல் பிடிக்காவிட்டால் மீதியும் போய்விடும்.

எங்களோடு பயிற்சிக்கு வந்திருந்த அந்த யோசனைக்காரருக்குத் 'தலைவர்' என்று பெயர் வைத்தோம். கேலிக்குத்தான். அவர் அதை நியமன உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

நாங்கள் கைக்குக் கிடைத்த மண்வெட்டியோடு ஓடுவோம். அவர் ஒன்றைத் தூக்கி, எடை பார்த்து, பிடியைத் தட்டி, கீழே வைத்து, அடுத்ததைத் தூக்கி, அதன் குணநலன்களை ஆராய்ந்து முடிப்பதற்குள் இடைவேளை வந்துவிடும். அப்புறம், "எல்லாரும் ஒரு நிமிஷம் நிறுத்துங்க. நான் என்ன சொல்ல வர்றேன்னா..." சொல்ல வருவார், வருவார், வந்துகொண்டே இருப்பார். அவருடைய கையுறை மட்டும் கடையில் வாங்கிய வெள்ளை மாறாமல் இருந்தது.

நாற்றுகளைப் பார்த்துக்கொண்டவள் எங்களில் ஒருத்தி. ஒவ்வொரு விதையையும் அவளே பொறுக்கி, முளைக்க வைத்து, பிள்ளையைப்போல் வளர்த்திருந்தாள். நாற்றுக்காரி என்போம். வாய் கொஞ்சம் நீளம்.

"தலைவரே, நாத்துமேல உங்க நிழல் விழுது."

"அப்படியா? நகர்ந்துக்கறேன்."

"வேணாம், வெயிலுக்கு நல்லதுதான். அந்த ஒரு வேலையாவது செய்ங்க."

நடவு நாள் வந்தது. நாற்றுத் தட்டுகளைக் கரையில் இறக்கிவிட்டு, மீதியைக் கொண்டுவரப் பயிற்சியாளர் படகில் திரும்பிப் போனார். தட்டுகளை மேட்டின் உச்சிக்குத் தூக்க வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. தலைவர் வாய் திறந்தார்.

"இப்பவே எதுக்கு மேல தூக்கணும்? ஈரமணல்ல வைங்க, வேர் குளிர்ச்சியா இருக்கும். சாப்பிட்டுட்டுத் தெம்பா தூக்கலாம்."

யோசனைக்காரர் தன் மூளையை நம்பிப் பிழைப்பதில்லை, நம் சோம்பலை நம்பிப் பிழைக்கிறார். தோள் கழன்றுகொண்டிருந்த எங்களுக்கு அது வேதவாக்காகப் பட்டது. நாற்றுக்காரி மேட்டுக்கு அந்தப் பக்கம் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கலாமே என்று தோன்றியது. என்ன சொல்வாள் என்பதும் தெரிந்ததால் கேட்கவில்லை. சாப்பிட்டோம், மரநிழலில் சாய்ந்தோம். ஈரமணல் ஏன் ஈரமாக இருக்கிறது என்று ஒருவராவது யோசித்தோமா?

"அடப்பாவிங்களா!"

அவள் குரலில்தான் விழித்தோம். கடல் ஏறியிருந்தது. தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வெளியே போய்க்கொண்டிருந்தன. அவள் உடுத்தியிருந்த துணியோடு தண்ணீரில் பாய்ந்துவிட்டாள். நாங்களும் பின்னால் விழுந்தடித்து இறங்கினோம். தலைவர்? பாறைமேல் ஏறிவிட்டார்.

"இடது பக்கம்! அதோ ஒண்ணு! அப்படிப் பிடிக்காதீங்க, அடியில கை குடுங்க!"

நாற்றுக்காரி ஒரு தட்டோடு கரையேறி நேராக அவரிடம் போனாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தோம். அழுதுகொண்டிருந்தாள். சேறு ஒழுகும் தட்டை அவர் கையில் வைத்தாள்.

"இதை மேல கொண்டு போங்க. பேசாம."

அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், போனார். திரும்பி வந்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். பொழுது சாயும்வரை எங்களோடு சுமந்தார், குழியில் நட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுக்குப் பயம் வந்துவிட்டது. ஒருவன் அவர் நெற்றியைத் தொட்டே பார்த்தான்.

கொஞ்சம் நாற்று கடலோடு போனது போனதுதான். பிறகு புயலும் வந்தது. நட்ட இடம் நின்றது. நாற்று போதாமல் விட்ட ஓரம் சரிந்தது. நின்ற மேட்டின் பின்னால் பறவைகள் நெருக்கியடித்து முட்டையிட்டன. நாற்றுக்காரி சரிந்த ஓரத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை இங்க இருந்து ஆரம்பிப்போம்" என்றாள். பயிற்சி முடிந்ததும் அந்தத் தீவிலேயே அவளுக்கு நிரந்தர வேலை கிடைத்தது.

தலைவர் திருந்தினாரா என்கிறீர்களா? நனைந்த தட்டை எப்படித் தூக்குவது என்று மறுநாளே எங்களுக்கு வகுப்பெடுத்தார். ஒரே வித்தியாசம், தட்டு அவர் கையில் இருந்தது.

போகட்டும். 'தட்டுகளைக் கயிற்றால் கட்டியிருக்கலாமே, காவலுக்கு ஓர் ஆளை நிறுத்தியிருக்கலாமே' என்று உங்களுக்கு அப்போதிலிருந்து தோன்றிக்கொண்டே இருக்கிறது இல்லையா? அருமையான யோசனை. நீங்கள் சாய்ந்து உட்கார்ந்து இதைப் படிக்கும் நேரத்தில், உங்கள் வீட்டில் யார் பாத்திரம் தேய்க்கிறார்கள் என்று கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பார்த்ததும், "அதை முதல்ல ஊறவைக்கணும்" என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தால், வாழ்த்துகள்.

எங்கள் தலைவருக்கு ஒரு துணை கிடைத்தது.