ராஜா வண்டியைக் காப்பாற்றிய கதை

பழைய பொருட்களுக்குத் துரு ஒரு எதிரி, கறையான் இன்னொரு எதிரி. இரண்டும் சேர்ந்து பல வருஷம் பாடுபட்டுச் செய்கிற சேதத்தை, அவற்றின் அருமை தெரிந்த ஒரு படித்த இளைஞன் ஒரே மாதத்தில் செய்து முடித்துவிடுவான். செய்து முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, சித்தூர் ஜில்லாவில் எந்தக் கிராமம் யாருக்கு என்று இரண்டு பக்கமும் மேடை போட்டுக் கத்திக்கொண்டிருந்த காலம். நான் திருப்பதியில் ஒரு கல்லூரியில் சரித்திர டியூட்டர். (சரித்திரம் எனக்காகத்தான் இத்தனை காலம் காத்திருந்தது என்று நம்பியவன்.) சொந்த ஊர் குடிபாலா பக்கம். லீவுக்கு வரும்போதெல்லாம் காட்பாடி போகும் ரயில் பாதையோரமாக ‘ஆராய்ச்சி’ நடை போவது வழக்கம்.

எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு அப்பால், புதர் மண்டிய உபயோகமில்லாத தண்டவாளத்தில், ஒரு பழைய ரயில் பெட்டி நின்றது. சக்கரங்கள் பாதி மண்ணுக்குள். அதில் முனியம்மா குடியிருந்தாள். புருஷன் மரக்கட்டை ஏற்றுகிற கூலி. அவள் ரயில் நிற்கும்போது ஜன்னல் ஜன்னலாக வேர்க்கடலை விற்பாள். அந்தப் பெட்டிக்குள் வாழ்ந்தவர்கள் அவர்கள் இருவர், மூன்று ஆடுகள். நான் சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்துப் பெட்டியின் வண்ணத்தைச் சுரண்டியபோது அவள் வெளியே வந்தாள். நான் அரைஞாண் கயிற்றோடு ஓடிய நாளிலிருந்து என்னைப் பார்த்தவள்.

“இன்னா வாத்தியாரே, எங்க வூட்ட மோந்து பாத்துக்கினு நிக்கிறே?”

“முனியம்மா, இது சாதாரணப் பெட்டி இல்லை. தேக்கு! பர்மா தேக்கு!”

“இன்னா தேக்கோ. மழைக்கு ஒழுவாது. உள்ள தாப்பாதான் கெடையாது, வெளியேதான் இருக்குது. இவுரு ராத்திரி கயித்துல கட்டிக்கினு படுக்கறாரு.”

வேறு யாராவது அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். நான் யோசிக்கவில்லை, புல்லரித்தேன். தாழ்ப்பாள் வெளியே மட்டும் இருக்கிறதென்றால், உள்ளே போகிறவர் கதவைத் தாமே தொடாதவர்; சேவகன் திறந்து மூடுவான். ஆகவே, ராஜா! ஜன்னல்கள் உயரத்தில், சிறியவையாக, கம்பி போட்டு இருந்தன. ஆகவே, ராணியின் நகைகளுக்குப் பாதுகாப்பு! பலகை இருக்கைகளுக்குக் கீழே கனத்த இரும்பு வளையங்கள். (முனியம்மா அவற்றில் ஆடு கட்டியிருந்தாள்.) ஆகவே, வண்டி குலுங்கும்போது சிம்மாசனம் நகராமல் கட்டிவைக்க! தரையின் மூலையில் ஒரு துளை. ஆகவே, பன்னீர் ஸ்நானம் செய்த நீர் வடிய!

இப்படி ஒரு ‘ஆகவே’க்கு மேல் இன்னொரு ‘ஆகவே’யை ஏற்றி, மாலைக்குள் அந்தப் பெட்டியை மதராஸ் கவர்னரின் விருந்தாளியான ஒரு மகாராஜா பிரயாணம் செய்த சொகுசு சலூன் வண்டியாக்கிவிட்டேன்.

செய்தியை முதலில் பெரிய நைனாவிடம் சொன்னேன். என் தகப்பனாரின் அண்ணன் ஆறுமுகம். எங்கள் ஊர் மதராஸோடுதான் சேர வேண்டும் என்ற கட்சிக்குத் தலைவர். சுதந்திரத்துக்காக வேலூர் ஜெயிலில் இருந்த தியாகி. எல்லைத் தகராறு விசாரிக்க ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. “அவரை அந்த ராஜா வண்டியிலேயே ஒக்கார வச்சி மனு குடுப்போம்டா! மதராஸுக்கும் நமக்கும் எவ்ளோ நாள் சம்மந்தம்னு தெரியட்டும்” என்றார். பெட்டியைப் போய்ப் பார்க்கக்கூட இல்லை. முள்ளுக்குள் அவரால் நடக்க முடியாது.

விஷயம் பரவியதும் பக்கத்து ஊர் ரங்கப்ப நாயுடு குதித்தார். அவர் ஆந்திரக் கட்சி. அவரும் தியாகி. “அது எங்க தெலுகு ஜமீன்தாருது! நாங்களும் அதுலதான் ஒக்காருவோம்” என்றார். அவரும் பார்க்கவில்லை. பார்க்காத பெட்டிக்காக இரண்டு ஊரும் சந்தையில் சட்டையைப் பிடித்துக்கொண்டன. கடைசியில் இரு கட்சியும் உள்ளே சேர்ந்து உட்காருவதென்று முடிவாயிற்று.

நடுவில் முனியம்மா இருந்தாள். அவளை வெளியேற்றும் பொறுப்பு ஆராய்ச்சியாளருடையது.

“கொஞ்ச நாள்தான், முனியம்மா. அதிகாரி போனதும் திரும்ப வந்துடலாம்.”

“நெசமா வுடுவியா?”

“என் மேல நம்பிக்கை இல்லையா?”

அவள் ஆடுகளை இழுத்துக்கொண்டு எங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். நான் பெட்டியைக் கழுவி, தேங்காயெண்ணெய் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். அதோடு நின்றிருக்கலாம். இந்த அபூர்வப் பெட்டியைப் பாதுகாக்க வேண்டுமென்று, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் ரயில்வேக்கு ஒரு விண்ணப்பமும் அனுப்பினேன்.

அந்த நாள் வந்தது. வழியெல்லாம் முள்ளை வெட்டி, மாவிலைத் தோரணம் கட்டியிருந்தோம். பெரிய நைனா சரிகை அங்கவஸ்திரத்தோடு படியில் கால் வைத்தவர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

“உள்ள போங்க, பெரிய நைனா.”

“காத்தே வராதேடா. வெளியே ஒக்காரலாமே.”

“ராஜா போன வண்டி!” என்று பின்னாலிருந்து தள்ளினேன். நாயுடுவும் ஏறினார். அவர் முகமும் ஒரு தினுசாகப் போயிற்று. இருவரும் எதிரெதிர் மூலையில், ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்தார்கள். அதிகாரி நடுவில். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொற்பொழிவைத் தொடங்கினேன்.

“இதோ, இந்த வளையங்கள் சிம்மாசனத்தைப் பிணைப்பதற்காக...”

நாயுடுவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார்.

“சிம்மாசனமா? ஏமய்யா ஆறுமுகம், நாம ரெண்டு பேரும் சிம்மாசனமா?”

“நாயுடு, வாய மூடு.”

“உன் சோத்துக் கை, என் பீச்சாங் கை, ஒரே வெலங்கு! அந்தத் தொளைக்கு நீ எழுந்து போனா நானும் கூடவே எழுந்து வரணும்! காட்பாடில வண்டிய நிறுத்தி வச்ச ராத்திரி முழுக்க நீ எத்தினி வாட்டி எழுப்பின!”

அதிகாரி மரியாதையாகக் கேட்டார்: “சத்தியாக்கிரகத்திலா?”

தான் சொன்னது என்னவென்று நாயுடுவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியே, கம்பி ஜன்னலுக்குக் கீழேயிருந்து முனியம்மாவின் குரல் வந்தது:

“இன்னா சத்தியாக்கிரகம்? பால் கேன்ல சாராயம் கொண்டாந்த கேசு தானே அது?”

மதுவிலக்கு சித்தூருக்கு வந்து, ஜில்லா எல்லைக்கு அந்தப் பக்கம் வேலூருக்கு இன்னும் வராத நாளில், எங்கள் இரண்டு தியாகிகளும் கூட்டாக நடத்திய வியாபாரம் இப்படித்தான் தெரிய வந்தது. சித்தூரிலிருந்து வேலூர் ஜெயிலுக்குக் கைதிகளை ஏற்றிப்போன வண்டி அது. அதிகாரி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு இறங்கினார். தோள்கள் மட்டும் குலுங்கின. மனுவை அவர் கையில் கொடுக்க எல்லோரும் மறந்துபோனோம்.

அதுவரை “எங்களுது” என்று அடித்துக்கொண்ட இரு கட்சியும் மறுநாள் முதல் “உங்களுது” என்று அடித்துக்கொண்டன. எல்லை பிறகு எங்களைக் கேட்காமலேயே தீர்ந்தது. நாங்கள் ஆந்திராவிலேயே இருந்தோம். பெரிய நைனா சாகும்வரை என்னோடு நேராகப் பேசவில்லை. “அந்தப் பேராசிரியர் துன்னாரா?” என்று என் அம்மாவிடம் கேட்பார், நான் எதிரே இலை போட்டு உட்கார்ந்திருக்கும்போதே.

இதுவரை நடந்ததை நான் சிரித்துக்கொண்டே சொல்லுவேன். மீதியை அப்படிச் சொல்ல வருவதில்லை.

என் விண்ணப்பம் போய்ச் சேரும்வரை, அப்படி ஒரு பெட்டி தங்களிடம் இருப்பதே ரயில்வேயில் யாருக்கும் ஞாபகமில்லை. ஞாபகப்படுத்தியதும் ஆள் வந்தார். சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டார். ஏலம் விட்டார்கள். சித்தூர் மரக்கடைக்காரர் எடுத்து, கோடாலியோடு ஆட்களை அனுப்பினார். முனியம்மாவின் வீடு ஒரே பகலில் பலகைக் கட்டுகளாக வண்டியேறிப் போயிற்று. அவள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஜெயிலோ, ராஜா வூடோ. ஒழுவாம இருந்திச்சி” என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு உடனே திருப்பதியில் அவசர வேலை வந்துவிட்டது. (வேலை ஒன்றுமில்லை.) அந்த மழைக்காலம் முழுக்க அவர்கள் மாடுகளோடு மாடாக எங்கள் கொட்டகையில் கிடந்தார்கள். நான் ஊர்ப்பக்கம் வரவில்லை.

பிற்காலத்தில் பல ஊர்களில் ராஜாக்களின் சலூன்களைக் கண்ணாடிபோல் துடைத்து வைத்திருப்பதைப் பார்த்தேன். கைதிகள் போன வண்டி ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. நான் கண்டெடுத்தது உண்மையிலேயே அபூர்வமானதுதான். அதில் ஒரு ராஜாவை ஏற்றினால்தான் மதிப்பு என்று நினைத்தது என் படிப்பு.

மழை விட்டதும் என் தகப்பனார் கிணற்றடியில் அவளுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்து, கூரை போட ஆள் விட்டார். நானும் வெட்கத்தோடு போய் ஒரு மூங்கிலைப் பிடித்தேன். முனியம்மா ஓடிவந்து அதை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

“வேணாம் சாமி. இதையும் காப்பாத்திடாதே.”

சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்று தொடங்கிய சிரிப்பு, மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் ஓயவில்லை. போன மாதம் ஹாலில் இருக்கும் மரப் பீரோவின் முன் நின்று, அதன் கால்களைப் பார்க்கலாமென்று கண்ணாடியை மாட்டினேன். சமையலறையிலிருந்து மருமகள் கத்தினாள்:

“ஏங்க, சீக்கிரம் வாங்க! மாமா பீரோவக் காப்பாத்தப் போறாரு!”

கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பீரோ நன்றாக இருக்கிறது.