லினக்ஸ்காரர் ஒட்டிய மஞ்சள் சீட்டுகள்

"நீங்க அனுப்பின பிடிஎஃப்ல ஒரு குறிப்பும் இல்லையே" என்றார் புது மேனேஜர், போனில்.

லினக்ஸ்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர். எல்லோரும் கம்பெனி போட்டுக்கொடுத்த இயங்குதளத்தில் வேலை பார்க்க, இவர் மட்டும் சண்டை பிடித்துத் தன் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக்கொண்டார். தன் கம்ப்யூட்டருக்குத் தானே ராஜா என்று டீ குடிக்கும் இடத்தில் தினமும் பிரசங்கம் வேறு.

விஷயம் சின்னதல்ல. கம்பெனி விற்கும் சலவை இயந்திரத்தின் கையேட்டைப் படித்துவிட்டு வாடிக்கையாளர்கள் திட்டித் தீர்க்கிறார்கள். அதில் குறை கண்டுபிடித்துச் சொல்வது இவர் பொறுப்பு. எழுத்துப் பிரிவுக்கு யார் தலைவர், இவரா எதிர் சீட்டில் உட்காரும் சக ஊழியரா என்பது சாயங்காலக் கூட்டத்தில் முடிவாகிவிடும்.

கையேட்டை எழுதியது எதிர் சீட்டுக்காரர்தான் என்பதில் இவருக்குச் சந்தேகமே இல்லை. அந்த லட்சணத்தில் எழுத வேறு யாரால் முடியும்? ஆகவே பிடிஎஃப்பில் பக்கத்துக்குப் பக்கம் குறிப்புகளை மஞ்சள் சீட்டுகளாக ஒட்டித் தள்ளியிருந்தார். 'கதவைத் திறக்கும் முன் கதவைத் திறக்கவும்' என்ற வரிக்குப் பக்கத்தில், 'எழுதியவர் இதைச் செய்துகாட்டட்டும்.' கடைசிப் பக்கத்தில், 'இந்த ஆளை இனி எழுதவே விடக்கூடாது.'

குடைந்து பார்த்ததில் விஷயம் விளங்கியது. அவருடைய மென்பொருள் குறிப்புகளையெல்லாம் அவர் கம்ப்யூட்டரிலேயே தனியாக வைத்துக்கொண்டு, வெறும் கையேட்டை மட்டும் அனுப்பியிருக்கிறது. ராஜா அசடு வழிந்தபடி, குறிப்புகளைக் கோப்புக்குள்ளேயே சேர்த்து மறுபடி அனுப்பினார்.

"இப்ப வந்துடுச்சு. கூட்டத்துல எல்லாருக்கும் காட்டிடறேன்" என்றார் மேனேஜர்.

அப்போதுதான் லினக்ஸ்காரர் பார்த்தார். ஒவ்வொரு சீட்டின் தலையிலும் இவர் பெயர். கூட்டத்தில் காட்டினால் எதிர் சீட்டுக்காரருக்கும் தெரிந்துவிடுமே! நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பது? பெயர்களின் மேல் வெள்ளைக் கட்டம் வரைந்து மூடி அனுப்பினார்.

"இந்தக் கட்டம் இழுத்தா நகருதே. கீழ உங்க பேரு இருக்கு" என்றார் மேனேஜர்.

ரோஷம் வந்துவிட்டது. லினக்ஸில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து வரிசையாக அடித்தார். முதலில் பக்கங்கள் தலைகீழாக நின்றன. பிறகு குறிப்புகள் போய்ப் பெயர்கள் மட்டும் மிஞ்சின. கடைசியில் பெயர்களை அழித்து, பக்கங்கள் மொத்தத்தையும் படமாக மாற்றிவிட்டார். பெயர் போயிற்று. சீட்டுகளை இனி யாராலும் பிய்க்க முடியாது.

அனுப்பும் முன் ஒருதரம் படித்துப் பார்க்கச் சொன்னாள், அந்தப் பக்கம் வந்த வரவேற்பறைப் பெண். கூட்டத்தில் குறிப்பெடுப்பதும் அவள்தான்.

"எழுதினதைத் திரும்பப் படிக்கற வழக்கமே எனக்குக் கிடையாதும்மா. ஆரம்பத்துலேருந்து அப்படித்தான்" என்றார் பெருமையாக.

கூட்டம் நடந்தபோது லினக்ஸ்காரர் வெளியே உட்கார்ந்து, தனக்குக் கிடைக்கப்போகும் தலைவர் அறையின் ஜன்னலுக்கு எந்தத் திரை பொருந்தும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். வரவேற்பறைப் பெண் கூட்டத்திலிருந்து வந்தாள்.

"உங்க குறிப்பு எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாங்க சார். கடைசிப் பக்கத்துல இருந்ததையும்தான்."

"பாவம், எதிர் சீட்டு. நான் என்னம்மா பண்றது?" என்றார், மலர்ந்த முகத்தோடு.

அவள் குறிப்பு நோட்டைப் புரட்டினாள்.

"அவர் இல்ல சார். கையேட்டோட ஒரிஜினல் ஃபைல்ல எழுதினவர் பேரு இருந்துச்சு. நீங்க வேலைக்குச் சேர்ந்த புதுசுல எழுதினதாம்."