வெபர் கல்லறைக்கு மூன்று தொட்டி சாமந்தி

அன்புத் தங்கை எழிலரசிக்கு,

எடிசனிலிருந்து அண்ணன் மகாதேவன் எழுதுவது. இங்கே குளிரைத் தவிர வேறு குறையில்லை. மாப்பிள்ளையின் மூட்டு வலி தேவலையா?

இன்று நடந்ததை என் மகன் கவின் உனக்கு போனில் வேறு மாதிரி சொல்வான். அப்பா கல்லறைத் தோட்டத்தில் ரகளை பண்ணிவிட்டார் என்பான். நம்பாதே.

பக்கத்து வீட்டு மரியான் அம்மையாருக்கு எண்பத்தோரு வயது. சொந்த ஊர் லக்சம்பர்க். காரில் ஒரு மணி நேரம் போனால் தீர்ந்துபோகிற நாடு. அங்கே நவம்பர் ஒன்று சகல புனிதர் திருநாள், நாட்டுக்கே விடுமுறை. எல்லோரும் குடும்பக் கல்லறையைக் கழுவி, சாமந்தி வைத்து, விளக்கேற்றுவார்களாம். பாதிரியார் வந்து மந்திரிப்பாராம். இங்கேயோ முந்தின நாள் பேய் வேஷம் போட்டுவிட்டு எல்லோரும் ஆபீஸ் போய்விட்டார்கள். கணவர் ஜார்ஜ் வெபர் போய்ப் பத்தொன்பது வருடமாகத் தவறாமல் கல்லறைக்குப் போனவர் அம்மையார். இந்த வருடம் இடுப்பு ஆபரேஷன், கார் ஓட்டக் கூடாது. "சனிக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்பா, ஒரு நாள் தள்ளினா என்ன?" என்றான் கவின். அம்மையார் வாக்கரைப் பிடித்திருந்த தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தாங்கவில்லை. ஒன்றாம் தேதி என்றால் ஒன்றாம் தேதிதான் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

எனக்கு இங்கே லைசென்ஸ் ஏது? எதிர்வீட்டு அமீருன்னிசாவைக் கேட்டேன், நாகூர்ப் பெண். "ஏறுங்க அங்கிள், மூணு மணிக்கு டேகேர்ல பிள்ளைய பிக்கப் பண்ணணும், அதுக்குள்ள முடிச்சிரலாம்" என்று வேனை எடுத்துவிட்டாள். வழியில் மூன்று தொட்டி சாமந்தி வாங்கினோம்; அவள் போட்ட ஒரு பிரேக்கில் மூன்றும் உருண்டு, மண்ணெல்லாம் அம்மையாரின் கறுப்புக் கோட்டில். போய்ச் சேர்ந்தால் ஈரப் புல், வாக்கர் புதைகிறது. அம்மையார் வேனிலிருந்தே மூன்றாவது வரிசை, வெபர் என்று கைகாட்ட, நான் வாளியும் தேங்காய் நாருமாய் இறங்கி, வெபர் என்று கொட்டை எழுத்தில் கண்ட கல்லை முக்கால் மணி நேரம் தேய்த்தேன். யாரோ செருகியிருந்த பிளாஸ்டிக் ரோஜாவைக் குப்பையில் போட்டேன். மெழுகுவத்தி ஏற்றப் போனால் காவலாளி ஓடி வந்து நெருப்பு கூடாது என்கிறான். தீப்பெட்டியை நானும் விடவில்லை, அவனும் விடவில்லை. "விடுங்க அங்கிள், என்கிட்ட இருக்கு" என்று அமீருன்னிசா, வேனில் கிடந்த பிள்ளையின் பேய்முகப் பூசணிக்காய்க்குள் வைத்திருந்த பேட்டரி விளக்கைக் கொண்டுவந்து வைத்தாள். மந்திரிக்கப் பாதிரியார் இல்லை. அம்மையார் வேனுக்குள்ளிருந்து தன் பாஷையில் சொல்லச் சொல்ல, நான் வாளித் தண்ணீரைத் தெளித்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

ஆக, எல்லாம் முறைப்படி குறைவில்லாமல் நடந்தது. கவினுக்கு நீயே எடுத்துச் சொல். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாயிருக்கட்டும்.

உன் அண்ணன்,
மகாதேவன்

பி.கு.: அமீருன்னிசா எடுத்த போட்டோவைப் பேத்தி அனன்யா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தாத்தா, திஸ் இஸ் நாட் ஜார்ஜ்!" என்கிறாள். கல்லின் கீழே பொடியெழுத்தில் கெர்ட்ரூட் என்று இருக்கிறதாம். யார் பெற்ற மகளோ. ஜார்ஜ் வெபர் அடுத்த கல்லாம். அம்மையாரிடம் போய்ச் சொன்னேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கெர்ட்ரூட்டின் சாமந்தியைத் தொடக் கூடாது என்பது அவர் உத்தரவு. கவினிடம் இப்போதைக்கு எதுவும் பேசாதே. நாளைக் காலை அவன்தான் கார் ஓட்டுகிறான். இந்த முறை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு போகிறேன்.